சீவகன்: ஒரு திருப்பெயரின் வரலாறு

அண்மையில் எம் அஸ்தினாபுரத்தில் நிகழ்ந்த பெயர்சூட்டு விழாவில் 'சீவகன்' என்னும் பெயரை யாம் மொழிந்தோம். மிகப் பழைய பெயர் எனப் பெற்றோர் தயங்கினர். அவர்க்குக் கூறியதை ஈண்டும் கூறுகின்றோம்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் முதற்பகுதி நாமகள் இலம்பகம். கட்டியங்காரனின் வஞ்சத்தால் மன்னன் சச்சந்தன் மடிய, மயிற்பொறியில் தப்பிய அரசி விசயை சுடுகாட்டில் மகனை ஈன்றாள். குழவியைக் கிடத்தி மறைந்து நின்றாள். இறந்த தன் மகவை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அக்குழவியை எடுத்தான். அது தும்மியது, 'சீவ' என்றொரு வாழ்த்தொலி எழுந்தது. 'வாழ்க' என்பது அதன் பொருள். அதுவே பெயராயிற்று. இன்றும் குழந்தை தும்மினால் 'நூறு' என வாழ்த்துகிறோம் அல்லவா?

உ.வே.சாமிநாதையர் 1887இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்தார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்துப் பாண்டியன் பெயரும் சீவகனே. ஆயினும், ஆசிரியப் பணியில் யாம் அழைத்த வருகைப் பதிவேடுகளில் இப்பெயர் அரிதாகவே இருந்தது.

ஆதரவற்ற ஓருயிரை நோக்கி 'வாழ்க' என்பதே நம் அறத்தின் முதற்சொல். அக்குழந்தைக்குப் பதிவேட்டில் வேறு பெயர்தான். இல்லத்திலோ, பாட்டியார் 'சீவகா' என்றே அழைக்கின்றார்.