அலைகள் இருவகை

கொள்ளிடப் பேராற்றின் வடகரையில் அமைந்த ஊர் திருமானூர். புதுவெள்ளம் பெருகிவரும் நாளில் அவ்வூர்க் கரையில் நின்று நோக்குவார்க்கு, அலை என்பது நீரின் ஓட்டமே என்று தோன்றும். அஃது உண்மையன்று. அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் அலைகள் வட்டமாய் விரிந்து கரையை அடைகின்றன. அந்நீரில் மிதக்கும் ஆலிலையோ கரை வந்து சேர்வதில்லை. நின்ற இடத்திலேயே ஆடுகின்றது. ஒரு பொருளின் துகள்கள் தத்தம் நிலையில் அதிர, அவ்வதிர்வின் ஆற்றல் மட்டும் இடம் பெயர்வதே அலையாகும்.

துகள்கள் அசையும் திசையைக் கொண்டு அலைகளை இருவகையாகப் பகுப்பர். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை மரத்திற் கட்டி, மறுமுனையைக் கையிற் பற்றி மேலும் கீழும் உதறினால், வளைவொன்று மரத்தை நோக்கி ஓடும். கயிற்றின் துகள்களோ மேலும் கீழுமே அசையும். இங்ஙனம், அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாகத் துகள்கள் அசைவது குறுக்கலை. இதன் மேட்டை முகடு என்றும், பள்ளத்தை அகடு என்றும் கூறுவர்.

கோயில் மணியின் ஓசை இதனின் வேறுபட்டது. அதிரும் மணி, தன்னைச் சூழ்ந்த காற்றை மாறி மாறி நெருக்கியும் நெகிழ்த்தியும் விடுகின்றது. நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவரைத் தள்ளினால், அத்தள்ளல் ஒருவர்பின் ஒருவராக முன்னிற்பவரை எட்டுமன்றோ? அதுபோலவே காற்றின் துகள்கள் முன்னும் பின்னும் அசைய, ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவிற் செல்கின்றது. அலை செல்லும் திசையிலேயே துகள்கள் அசையும் இதுவே நெட்டலை. நீர்ப்பரப்பில் எழும் அலையிலோ இவ்விருவகை அசைவும் கலந்துள்ளன.

நெட்டலை திண்மம், நீர்மம், வளிமம் ஆகிய மூன்றினூடும் செல்லும். கயிற்றலை போன்ற குறுக்கலை நீர்மத்தின் உள்ளே ஊடுருவிச் செல்லாது. பக்கவாட்டில் நெளிந்த வடிவினின்று மீளும் தன்மை நீர்மத்திற்கு இல்லை. எனினும் ஒளி, பொருளின் துணையின்றியே செல்லும் குறுக்கலையாகும்.

இவ்வேறுபாடு உயிர் காக்கும் அறிவாகவும் பயன்படுகின்றது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அசாமில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த ஓல்டாம் என்பார் அதனை ஆராய்ந்து, நிலத்தினூடே முதலில் நெட்டலையும் பின்னர்க் குறுக்கலையும் வருதலைப் பிரித்துக் காட்டினார். இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டு, நடுக்கம் தோன்றிய இடத்தின் தொலைவைக் கணிக்கலாம். குறுக்கலைகள் புவியின் புறக்கருவைக் கடவாமையால், அப்பகுதி உருகிய நீர்மம் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கியது. நிலத்தின் வழி வந்த அலைகள் சில நிமிடங்களில் தமிழகத்தை எட்டின. ஆழிப்பேரலையோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே வந்தது. அவ்விடைவேளையில் மக்களை எச்சரிக்கும் அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. தமிழகக் கரையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர், 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது. முந்தி வரும் அலையை அறிந்து, பிந்தி வரும் அலையினின்று மக்களைக் காத்தலே அதன் பணி.