நிலத்தடி நீரின் அறைகளை அறியும் வகை

அடுத்தடுத்துள்ள இரண்டு கிணறுகளில் ஒன்று சித்திரையிலும் இறைப்புக்குத் தாங்க, மற்றொன்று தை மாதத்திலேயே அடி தெரிந்துவிடுவது தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களின் பாறைப் பாங்கான கிராமங்களில் புதுமையன்று. குடியானவர்கள் இதனை ஊற்றுக்கண்ணின் அதிர்ஷ்டமென்று விட்டுவிடுவர். உண்மையில், பூமிக்கடியிலுள்ள நீர் ஒரே ஏரியைப்போல் எங்கும் பரந்து கிடப்பதில்லை. பல இடங்களில் அது அறை அறையாகப் பிரிந்து நிற்கின்றது.

இப்பிரதேசங்களில், பழைய பாறையின் வெடிப்புகளில் உருகிய குழம்பு ஏறி உறைந்ததனால் உண்டான டோலரைட் என்னும் கரும்பாறை, சுவர்போல் நெடுந்தூரம் ஓடுகின்றது. கரிய உருண்டைக் கற்கள் மேட்டு வரிசையாகத் தோன்றுமிடத்தில் அதன் போக்கைக் கண்ணாலேயே காணலாம். வெடிப்பில்லாத சுவராயின், மேட்டிலிருந்து சரிந்து வரும் நீரை அது தடுத்து நிறுத்தும். வெடிப்புள்ளதாயின் அதுவே நீரோடும் வழியாகவும் ஆகும். ஆகையால் கருங்கல் வரிசையைக் கண்டமாத்திரத்தில் தீர்ப்புக் கூறலாகாது. பூமிப் பிளவும் தடையாவதுண்டு. அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கில் சான் ஜசிண்டோ பிளவு நிலத்தடி நீரைத் தேக்கி நிறுத்துவது பிரசித்தம்.

முதற்சோதனைக்கு வேண்டுவது கயிறும் ரசமட்டக் குழாயுமே. சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் யாவும் இரவு முழுதும் நின்றபின், விடியற்காலையில் ஒரே நாளில் எல்லாக் கிணறுகளையும் அளக்க வேண்டும். கிணற்று வாயிலிருந்து அளந்த ஆழத்தை மட்டும் கொள்வது பெருந்தவறு. உதாரணமாக, முதற்கிணற்றின் வாய் 100 அடி மட்டத்திலும், நீர் அதற்கு 42 அடி கீழும் இருப்பதாகக் கொள்வோம். நீர்மட்டம் 58 ஆகும். இரண்டாவதன் வாய் 90, நீர் 30 அடி கீழ், மட்டம் 60. பார்வைக்கு வெகுவாக வேறுபட்டாலும் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவதன் வாய் 88, நீர் 52 அடி கீழ், மட்டம் 36. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைவெளி 150 அடிதான் எனில், அதற்குள் 24 அடி சரிவு ஐயத்துக்கு இடமாகும்.

ஐயத்தைத் தீர்ப்பது இறைப்பு. முதற்கிணற்றை இறைக்க, இரண்டாவதும் சிறிது சிறிதாக இறங்கி, மூன்றாவது அசையாமல் நின்றால் நடுவில் தடையிருக்கலாம். அரைநாள் இறைத்து முடிவு கட்டுவது போதாது. தூரத்துக் கிணற்றுக்குச் செய்தி எட்ட நேரமாகும். மறுபுறத்துக் கிணற்றையும் இறைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவாக இறைக்கும்போது நீர் இறங்கும் வேகம் வரவரத் தணிவது இயல்பு. சிறிய, அடைபட்ட அறையாயின் அவ்வாறு தணியாது ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டே போகும். அத்தகைய இடத்தில் மேலும் ஒரு போர் போடுவது, ஒரே குடத்தில் இரண்டாவது ஓட்டை இடுவதேயாம்.

தடை எவ்விடத்தில் என்பதைக் கிணறுகள் சொல்லமாட்டா. அதற்கு அதிர்வு முறை உதவும். இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட ஜியோபோன் கருவிகளுக்கு அதிர்வு எட்டும் நேரத்தை, செகண்டில் ஆயிரத்திலொரு பங்கு வரை கணக்கிடுவர். உலர்ந்த மேல்மண்ணில் அதிர்வு செகண்டுக்குச் சுமார் 1,000 முதல் 2,000 அடி செல்லும். நீர் ஊறிய உக்கற்பாறையில் 5,000 அடிக்கு மேல். உடையாத கடினப் பாறையில் 15,000 அடிக்கும் மேல். இவ்வேகங்களைக்கொண்டு கடினப் பாறை எங்கு மேலெழுகின்றது, எங்கு நொறுங்கித் தாழ்கின்றது என்று வரையலாம். வரிசை, ஐயமுள்ள சுவருக்குக் குறுக்கே செல்ல வேண்டும். கருவிகள் அகல நட்டால் சில அடி அகலமுள்ள சுவர் தப்பிவிடும். அதிர்வு பாறையின் உருவத்தைக் காட்டுமேயன்றி, நீர் அதனூடே கடக்கின்றதா என்பதைக் காட்டாது. எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் இதனாலேயே அதிர்வுப் படத்தோடு ஒவ்வொரு கிணற்றின் அழுத்தத்தையும் ஒப்பிடுகின்றனர்.

கடன் பட்டுப் புதுக்கிணறு வெட்டுமுன் மட்டுமல்ல, கசிவுநீர்க் குட்டைக்கு இடம் தேரும்போதும் இக்கணக்கு அவசியம். வெடிப்பற்ற சுவருக்குக் கீழ்ப்புறம் வெட்டிய குட்டை எவ்வளவு நிரம்பினும், மேற்புறக் கிணறுகளுக்கு ஒரு சொட்டும் ஏறாது.