சொற்செயலிப் படிவங்களில் நிபந்தனைப் புலங்கள்

கடலூர் ஜில்லாவில் ஐப்பசி பிறந்து தை கழியும் வரையில் விவசாயிக்கும் கிராம உத்தியோகஸ்தருக்கும் காகித வேலை ஓய்வதில்லை. சம்பா நடவு முடிந்ததும் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலும் சிட்டாவும் வேண்டும். புயலோ வெள்ளமோ வந்துவிட்டால் சேத மனு வேண்டும்; மனுவின் பேரில் தணிக்கை அறிக்கை வேண்டும். 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015-ம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. 2024-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் 'ஃபெஞ்சல்' புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கரையோரத்துக் கிராமங்களை மூழ்கடித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுத வேண்டியிருந்த மனுக்களின் தொகை சிறிதன்று.

முற்காலத்தில் இம்மனுக்கள் அச்சிட்ட தாளில் இருந்தன. ஒரே தாள் நஞ்சைக்காரருக்கும் புஞ்சைக்காரருக்கும், பட்டாதாருக்கும் குத்தகைதாரருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமாகையால், "பொருந்தாததை அடித்துவிடவும்" என்ற வாசகம் ஓரத்தில் காணப்படும். கர்ணம் மைக்கோலால் ஒரு கோடு இழுப்பார், காரியம் முடிந்தது. 1980-ம் வருஷத்தில் கர்ணம் உத்தியோகம் எடுபட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறகு கணிப்பொறியும் வந்தது. இப்போது கூட்டுறவுச் சங்கத்திலும், உழவர் உற்பத்தியாளர் கம்பெனியிலும், தெருமுனைத் தட்டச்சுக் கடையிலும் மனு எழுதுவது சொற்செயலியில்தான். அடித்துவிடும் வேலையை அங்கே செய்வது நிபந்தனைப் புலம் எனப்படும்.

புலம் என்பது படிவத்தில் மாறக்கூடிய ஓர் இடம். பெயர், சர்வே எண், விஸ்தீரணம் முதலியன சாதாரணப் புலங்கள்; எதைக் கொடுக்கிறோமோ அதையே அச்சிடும். நிபந்தனைப் புலத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது ஒரு கேள்வி. இரண்டாவது, கேள்விக்கு விடை 'ஆம்' என்றால் அச்சிட வேண்டிய வாசகம். மூன்றாவது, 'இல்லை' என்றால் அச்சிட வேண்டிய வாசகம். உதாரணமாக, "சாகுபடி செய்பவர் பட்டாதாரரா?" என்பது கேள்வியானால், ஆம் என்பவருக்குப் பட்டா எண்ணைக் கூறும் வாக்கியமும், அல்லாதவருக்கு நில உடைமையாளரின் பெயரையும் குத்தகை விவரத்தையும் கூறும் வாக்கியமும் தாமே வந்து அமையும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் கோயில் நிலங்களையும் பிறர் நிலங்களையும் குத்தகைக்குச் செய்வோர் பலராகையால் இந்த ஒரு புலமே பெரிய உபகாரம்.

செய்யும் விதம் கடினமன்று. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் சொற்செயலி விலையின்றிக் கிடைப்பது. அதில் 'இன்செர்ட்' பட்டியலில் 'ஃபீல்டு', அதனுள் 'மோர் ஃபீல்ட்ஸ்' என்பதைத் திறந்தால் ஒரு பெட்டி வரும். அதன் 'வேரியபிள்ஸ்' பக்கத்தில் சேத சதவீதம், பயிர் வகை முதலியவற்றுக்கு ஒவ்வொரு பெயர் வைத்துக் கொள்ள வேண்டும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி வைப்பது நலம். 'யூசர் ஃபீல்டு' என்ற வகையில் கொடுத்த மதிப்பு பத்திரம் முழுவதற்கும் செல்லும். 'செட் வேரியபிள்' என்ற வகையில் கொடுத்ததோ அந்த இடத்துக்குக் கீழேதான் செல்லும். ஆகவே அது நிபந்தனைக்கு முன்னால் வர வேண்டும். பின்பு 'ஃபங்ஷன்ஸ்' பக்கத்தில் 'கண்டிஷனல் டெக்ஸ்ட்' என்பதைத் தெரிந்து, 'கண்டிஷன்' என்ற கட்டத்தில் கேள்வியையும், 'தென்', 'எல்ஸ்' என்ற கட்டங்களில் இரண்டு வாசகங்களையும் எழுதிச் செருகிவிடலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் உறுப்பினர் பட்டியலோடு கடிதத்தை இணைக்கும் 'மெயில் மெர்ஜ்' பகுதியில், 'ரூல்ஸ்' என்பதன் கீழ் இதே காரியம் நடக்கிறது. அங்கே புலத்தைச் சூழ்ந்திருக்கும் சுருள் அடைப்புகளை விசைப்பலகையில் தட்டினால் பயனில்லை. கண்ட்ரோல் விசையோடு எஃப் 9 அழுத்தியே அவற்றைப் பெற வேண்டும். இதை அறியாமல் அரை நாளைக் கழிப்போர் உண்டு.

இனி ஒரு சேத மனுவை எடுத்துக் கொள்வோம். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத்தில், 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாயும், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாயும் விகிதமாக இருந்தன. இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. சேதம் 33-ஐ எட்டியதா என்பது முதற் கேள்வி; பயிர் எந்த வகை என்பது அடுத்தது. வேர்டில் ஒரு நிபந்தனையின் 'இல்லையெனில்' உறுப்புக்குள் மற்றொரு நிபந்தனையை அடுக்கலாம். ரைட்டரிலோ மூன்று வகைக்கும் மூன்று நிபந்தனைகளைத் தனித்தனியாக அடுத்தடுத்து வைப்பதே எளிது. அவ்வாறு வைத்தால் ஒவ்வொன்றின் 'எல்ஸ்' கட்டமும் காலியாக இருக்கும். ஆகையால் நான்காவதாக ஒன்று அவசியம் வேண்டும்: மூன்றிலும் சேராத பயிர் வந்தால் "பயிர் வகை குறிக்கப்படவில்லை, சரிபார்க்கவும்" என்று அது அச்சிட வேண்டும். பலர் இந்த நான்காவதை விட்டுவிடுகிறார்கள்.

'சரியாக 33' என்ற இடத்திலும் கவனம் தேவை. "33-க்கு மேல்" என்று கேள்வியை எழுதினால் 33 சதவீதம் இழந்தவர் வெளியே தள்ளப்படுவார். விதி "33-ம் அதற்கு மேலும்" என்பதாகையால் பெரிது என்ற குறியோடு சமம் என்ற குறியையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு சிறு குறி விடுபட்டதால் வந்த நஷ்டம் என்று பின்னால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதனினும் பெரிய ஆபத்து காலியிடத்தில் இருக்கிறது. வயலை இன்னும் யாரும் பார்வையிடவில்லை. ஆகவே சேத சதவீதம் நிரப்பப்படவில்லை என்று வைத்துக் கொள்வோம். மனிதர் அதைப் பார்த்தால் "இன்னும் பார்க்க வேண்டும்" என்று பொருள் கொள்வார். சொற்செயலி அப்படியன்று. காலியிடம் 33-ஐ எட்டாததால் 'இல்லை' என்ற வாசகத்தை எடுத்து, "நிவாரணத்துக்குத் தகுதியில்லை" என்று அச்சிட்டுவிடக் கூடும். பார்க்காத வயலுக்கும் சேதமில்லாத வயலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இடம் காலியா என்பதையே முதற் கேள்வியாக வைத்து, காலியென்றால் "தணிக்கை நடைபெறவில்லை" என்று எழுதச் செய்து, அதன் பின்னரே 33 என்ற கேள்விக்குப் போக வேண்டும். வேர்டின் பட்டியலில் 'இஸ் பிளாங்க்' என்ற ஒப்பீடு இதற்கென்றே இருக்கிறது.

அடுத்தது விஸ்தீரணம். வயலில் காணிக் கணக்கு, பேச்சில் ஏக்கர், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஒரு காணி 1.32 ஏக்கர்; அதாவது ஏறக்குறைய 53.5 ஏர். இதைச் சிலர் 0.53.5 என்று இரண்டு புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். கண்ணுக்குப் பொருள் விளங்கினாலும் கணிப்பொறிக்கு இது எண்ணே அன்று. 0.535 என்று எழுதினால்தான் பெருக்கவும் ஒப்பிடவும் முடியும். அந்த ஒரு காணிச் சம்பாவுக்கு 17,000 ரூபாய் விகிதத்தில் 9,095 ரூபாய் ஆகிறது. வகை தவறி மானாவாரியில் விழுந்தால் அதில் சரிபாதிதான். மேலும், 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண நெறிகளில் ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் என்ற உச்ச வரம்பு இருந்தது. வரம்பைக் காட்டும் நிபந்தனையும் எண் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

வகை எப்படித் தவறும் என்று கேட்கலாம். பெரும்பாலும் எழுத்தினால்தான். கீழணையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் நிலத்துக்குப் பாசன ஆதாரமாகப் பட்டியலில் 'கொள்ளிடம்' என்று குறித்திருப்பார்கள். நிபந்தனையிலும் 'கொள்ளிடம்' என்றே இருக்கும். இருந்தும் இரண்டும் ஒன்றல்ல என்று கணிப்பொறி சொல்லும். காரணம் யாதெனில், 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். பார்வைக்கு யாதொரு பேதமும் தோன்றாது. சொல்லின் பின்னால் தங்கிவிட்ட ஓர் இடைவெளியும் இவ்வாறே கெடுக்கும். 2010-ம் வருஷத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஆனால் பழைய எழுத்துரு முறைகளில் தட்டிய உறுப்பினர் பட்டியல்கள் இன்னும் சில இடங்களில் வழங்குகின்றன; அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சொல்லும் பொருந்தாது. இதற்கு நல்ல பரிகாரம், சொல்லை ஒப்பிடாமல் எண்ணை ஒப்பிடுவதுதான். பாசனப் பயிர் 1, மானாவாரி 2, பல்லாண்டுப் பயிர் 3 என்று குறியெண் வைத்துக் கொண்டால் பிழைக்கு இடம் குறைவு. கிராமக் கணக்கில் பழகியவர்களுக்கு எண்ணால் குறிப்பது புதிதன்று. அடங்கலே 2-ம் எண் கணக்கென்றும், சிட்டா 10(1) என்றும் அல்லவா வழங்குகின்றன?

ரைட்டரில் 'ஹிடன் பாரகிராஃப்' என்று மற்றொரு வசதி உண்டு. முழுப் பத்தியையே மறைக்க வல்லது. குத்தகை விவரம் போன்ற நீண்ட பகுதிகளுக்கு ஏற்றது. ஆனால் இதன் கேள்வி தலைகீழானது. நிபந்தனை உண்மையானால் பத்தி தோன்றும் என்று நினைப்பது இயல்பு. உண்மையானால் பத்தி மறையும் என்பதே அதன் முறை. இதை மாற்றி எழுதினால் பட்டாதாரர்களுக்கெல்லாம் குத்தகைப் பத்தியும், குத்தகைதாரருக்கு ஒன்றுமில்லாத வெற்றிடமும் வரும்.

கையால் அடித்த கோட்டுக்கும் நிபந்தனைப் புலத்துக்கும் உள்ள முக்கியமான பேதம் ஒன்று இங்கே கூறத் தக்கது. 2015-ம் வருஷத்துக்கு முன் மத்திய நெறிகளில் பயிர்ச் சேதத்தின் எல்லை 50 சதவீதமாக இருந்தது; அந்த வருஷத்தில்தான் அது 33-ஆகக் குறைந்தது. தானே புயல் காலத்துப் படிவத்தை அச்சிட்ட தாளில் வைத்திருந்தவர் 50 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்து மையால் திருத்திக் கொள்வார். சொற்செயலிப் படிவத்தில் அந்த 50 புலத்துக்குள் ஒளிந்திருக்கும். தேதியை மாற்றி, அதிகாரியின் பதவிப் பெயரை மாற்றிப் பழைய படிவத்தையே திரும்ப உபயோகிப்பவர் அதை அறிய மாட்டார். அச்சில் வருவதோ முடிவு மாத்திரமே; 40 சதவீதம் இழந்த விவசாயிக்குத் தம்மை விலக்கியது எந்த விதி என்று கேட்கவும் வழியிராது. ஆகவே படிவத்தின் அடியில் "33 சதவீதமும் அதற்கு மேலும் என்ற விதிப்படி ஆக்கப்பட்டது" என்று விதியையும், அது அமலுக்கு வந்த வருஷத்தையும் சாதாரண எழுத்தில் அச்சிட்டு விடுவது அவசியம். வேர்டில் ஆல்ட் விசையோடு எஃப் 9 அழுத்தினால் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளெல்லாம் திரையில் வெளிப்படும். பிறர் கொடுத்த படிவத்தை உபயோகிக்குமுன் ஒரு முறை இப்படித் திறந்து படிப்பது எவருக்கும் ஆகும் காரியம்.

படிவம் ஆனதும் உடனே இருநூறு பேருக்கு அச்சிட்டுவிடக் கூடாது. கற்பனையான சில விவசாயிகளை எழுதிச் சோதிக்க வேண்டும். சேதம் 32 உடையவர், 33 உடையவர், சேதமே குறிக்கப்படாதவர். 2 ஹெக்டேர் உடையவர், 2.10 உடையவர், கோயில் நிலத்துக் குத்தகைதாரர், நெல்லும் முந்திரியும் சேர்த்து வைத்திருப்பவர். கடைசியாகச் சொன்னவருக்கு ஒரே மனுவில் இரண்டு வகை வருமாதலால், வகைக்கு ஒரு வரியாகப் படிவத்தைப் பிரிக்க நேரிடும். ஒவ்வொருவருக்கும் என்ன வாசகம் வர வேண்டும் என்று முதலில் கையால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு, பிறகு அச்சில் வந்ததோடு ஒப்பிட வேண்டும். மதிப்பை மாற்றியும் வாசகம் மாறவில்லையென்றால் புலங்கள் புதுப்பிக்கப்படவில்லை என்று அறியலாம். வேர்டில் முழுப் பத்திரத்தையும் தெரிந்துகொண்டு எஃப் 9 அழுத்த வேண்டும், ரைட்டரில் எஃப் 9 மாத்திரம் போதும். சோதனைத் தாள்களைப் படிவத்தோடு சேர்த்து வைத்திருந்தால், அடுத்த முறை விகிதமோ விதியோ மாறும்போது அதே விவசாயிகளைக் கொண்டு மறுபடியும் சோதித்துக் கொள்ளலாம்.