கரண்ட் போனாலும் கணக்குப் போகக்கூடாது

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மருமகனுக்கு,

கொட்பேயில் கட்டும் பலநாள் படகுகளின் ஐஸ் அறைக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். எந்தக் கோப்பு முறைமையைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதல் ஒன்றை நீயே முடிவு செய்ய வேண்டும்: மின்சாரம் அறுந்தால் எத்தனை நிமிடப் பதிவை இழக்கலாம்? அந்த எண் இல்லாமல் முறைமையின் பெயரைத் தேடாதே.

கரையில் கரண்ட் போனால் ஊருக்கே தெரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றதே, அதுபோல. படகில் அது சத்தமில்லாமல் நடக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் பற்றரி வோல்டேஜ் சட்டென்று தாழும். உன் கருவி அந்த நேரம் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு வடிவமை.

எல்லாக் கணினியிலும் திறக்கும் என்பதற்காக ஃபேட் (FAT) முறைமையை எடுக்காதே. 1977இல் பிறந்தது, பிளாஷ் சிப்பை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஒரு கோப்பு வளரும்போது தரவு, ஒதுக்கீட்டு அட்டவணை, அடைவுப் பதிவு என்று மூன்று இடத்தில் மாற்றம் வேண்டும். நடுவில் மின் நின்றால் மூன்றும் மூன்று கதை சொல்லும். அட்டவணைக்கு இரண்டு பிரதி இருந்தாலும், எது சரி என்று சொல்ல அதில் வழியில்லை.

உன்னுடையது சிறிய மைக்ரோகன்ட்ரோலர். அதற்கு ஆர்ம் கொம்பனி 2017இல் வெளியிட்ட லிட்டில்எப்எஸ் பொருந்தும். நல்ல கணக்கப்பிள்ளை புதுப் பக்கத்தை எழுதி ஒப்பம் வைக்கும்வரை பழைய பக்கத்தைக் கிழிக்கமாட்டான், அதே ஒழுங்குதான். அடைவு விபரம் இரண்டு பிளொக்கில் மாறிமாறி எழுதப்படும். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் இருக்கும். மின் திரும்பியதும் பழுதில்லாத புதியதை அது எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் ஓடும் பெரிய போர்ட்டில் வெறும் நான்ட் பிளாஷ் சிப் இருந்தால் 2008இல் லினக்ஸுக்குள் வந்த யூபிஐஎப்எஸ்ஸைப் பார்.

எஸ்.டி. காட்டை மட்டும் நம்பாதே. அதற்குள் தனிக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் மின் அறுந்தால் போன கிழமை எழுதியதும் கெடலாம். மேலே எந்த முறைமை இருந்தாலும் காப்பாற்றாது. போர்ட்டில் ஒட்டிய நோர் பிளாஷ் சிப்பில் பதி. துறைக்கு வந்தபின் காட்டுக்குப் பிரதி எடு.

இடம் போதுமா என்று யோசிக்காதே. நிமிடத்துக்கு 32 பைட் என்றால் நாளுக்கு 46,080 பைட். 16 மெகாபைட் சிப் ஏறத்தாழ ஒரு வருடம் தாங்கும். 4 கிலோபைட் துண்டு ஒவ்வொன்றையும் ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அழிக்கலாம். லிட்டில்எப்எஸ் எழுத்தை சிப் முழுக்கப் பரப்புவதால், நிமிடத்துக்கொரு தடவை எழுதினாலும் சிப் தேயும் என்று பயமில்லை.

இனி முக்கியமான விஷயம். எழுதியதை சிங்க் செய்யும்வரை, அதாவது சிப்பில் உறுதியாகப் பதியச் சொல்லும்வரை, அல்லது கோப்பை மூடும்வரை, லிட்டில்எப்எஸ் பழைய நிலையையே காக்கும். ஆகவே உன் இழப்பின் அளவைத் தீர்மானிப்பது முறைமையல்ல, நீ சிங்க் செய்யும் இடைவெளி. பத்து நிமிடத்துக்கொரு தடவை செய்தால் பத்து நிமிடம் வரை போகும், நிமிடத்துக்கொரு தடவை செய்தால் ஒரு நிமிடம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் தொடர் எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் போடு. இடையில் விட்டுப்போனது எது என்று அப்போதுதான் தெரியும்.

தாழ்ந்த வோல்டேஜில் சிப்பில் கண்டபடி எழுதப்படலாம். வோல்டேஜ் தாழ்ந்தால் நிறுத்திவிடும் பிரவுண்-அவுட் காவலை மைக்ரோகன்ட்ரோலரில் இயக்கு. சில நோர் சிப்பில் ஒரு துண்டை அழிக்க 400 மில்லிசெக்கன் வரை எடுக்கலாம். அதுவரை தாங்கும் கப்பாசிற்றர் வை.

பிறகு மேசையில் வைத்து ஒரு ரிலேயால் நினைத்த நேரமெல்லாம் மின்னை அறு. சட்டென்றும் அறு, மெல்ல வடியவிட்டும் அறு. இரவு முழுக்க ஓடட்டும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தொடர் எண்ணைக் கருவியே சரிபார்க்கட்டும். ஒரு தடவை பிழை வந்தாலும் படகில் ஏற்றாதே.

எல்லாம் சரிவந்தபின் படகுக்காரச் சம்மாட்டியிடம் "ஒன்றும் அழியாது" என்று சொல்லிவிடாதே. "கடைசி ஒரு நிமிடம் இல்லாமல் போகலாம், அதற்கு முந்தியது இருக்கும்" என்று சொல்லு. மீன் வாங்க வருபவன் பதிவைக் கேட்கும்போது அவர் தலை நிமிர்ந்து காட்டக்கூடியது அந்த அளவான வாக்குறுதிதான்.

அன்புடன்,
மாமா