விரைவுச் சாலையும் டயர்க் காற்றும்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் விடுமுறை நாட்களில் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து, ஐதராபாத்தின் நேரு வெளிவட்டச் சாலையில் செல்வதை நான் அறிவேன். நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளம் செல்லும் இச்சாலையின் முதற் பகுதி கச்சிபவுலிக்கும் சம்சாபாத்துக்கும் இடையே 2008-இல் திறக்கப்பட்டது; வட்டம் 2018-இல் நிறைவுற்றது. எட்டுத் தடங்கள் கொண்ட இச்சாலையில் சிக்னல் இல்லை. குறுக்குச் சாலை இல்லை. இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியும் இல்லை. 2023-இல் இதன் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120-ஆக உயர்த்தப்பட்டது.

தார்நாகாவிலும் கோட்டியிலும் ஒரு குறையும் காட்டாத கார், இச்சாலையில் ஏறியதும் வால் ஆட்டுவதேன்? இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த விடையை இங்கே கூற விழைகிறேன்.

நான்கு அஞ்சலட்டைகள்

1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு காற்றழுத்தம் இருக்கிறது. அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 435 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு 109. இஃது ஓர் அஞ்சலட்டையிலும் சிறிது! காரைத் திருப்புவதும், நிறுத்துவதும், நேரே செலுத்துவதும் இந்நான்கு அட்டைகளே.

வேகம் மும்மடங்கானால், அதே வளைவில் காரை வெளியே தள்ளும் விசை ஒன்பது மடங்காகும். 40 கிலோமீட்டரில் டயரிடம் நாம் கேட்பது வேறு; 120-இல் கேட்பது வேறு.

காற்று குறைந்தால்

"காற்றுக் குறைந்தால் தரையைத் தொடும் பரப்புக் கூடுமே, பிடிப்பும் கூடவேண்டாமா?" என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. மணலில் ஓட்டும்போது அக்கருத்துப் பயன்படும். விரைவுச் சாலையில் பயன்படாது. ஏனெனில், பக்கவாட்டு விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது டயரின் பக்கச் சுவர். அதை விறைப்பாக நிறுத்துவது உள்ளிருக்கும் காற்று. காற்றுக் குறைந்தால் சுவர் வளைந்துகொடுக்கும். சக்கரம் நோக்கும் திசை ஒன்றாகவும், அது செல்லும் திசை வேறொன்றாகவும் ஆகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை நழுவுகோணம் என்று கூறலாம்.

முன் டயர்களில் காற்றுக் குறைந்தால் ஸ்டியரிங் மந்தமாகும். கார் நினைத்ததைவிட அகலமாகத் திரும்பும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் டயர்களில் குறைந்தாலோ நிலைமை வேறு. வால் வெளியே வீசும். அதனால் கார் நாம் கேட்டதைவிட அதிகம் திரும்பும். அதிகம் திரும்பவே வாலின்மீது விசை மேலும் ஏறும். இத்தகைய காருக்கு ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஓட்டுநர் தம்மை அறியாமலே ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகத் திருத்தி ஓட்டிவிடுவார். அதற்கு மேலே சிறு அசைவும் தானே வளர்ந்து காரைச் சுழற்றிவிடும். பின் டயர்கள் எவ்வளவு தளர்கின்றனவோ, அவ்வளவு இவ்வெல்லை தாழ்கிறது. நகரத்தில் மறைந்திருந்த குறை விரைவுச் சாலையில் வெளிப்படும் மருமம் இதுவே.

அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவர்லே கார்வேர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எஞ்சின் பின்புறம் அமைந்த அக்காரின் முன் டயரில் 15 பவுண்டும் பின் டயரில் 26 பவுண்டும் காற்று வைக்கவேண்டும் என்பது தொழிற்சாலையின் விதி. வால் வீசாதிருக்க அவ்வேற்றுமை தேவைப்பட்டது. வழக்கமான காருக்குப்போல் நான்கிலும் ஒரே அளவு காற்றடித்தால் அப்பாதுகாப்புப் போய்விடும். ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலில் இக்காரைக் கடுமையாகச் சாடினார். 1972-இல் வெளிவந்த அரசாங்க ஆய்வு, அக்காலத்து ஒத்த கார்களைவிட இது மோசமன்று என்று கூறியது. வழக்கு எவ்வாறாயினும், ஒரு காரின் நிலைத்தன்மை சில பவுண்டு காற்றைப் பொறுத்திருக்கக்கூடும் என்பது தெளிவு.

கோடையும் காற்றும்

"வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை, டயர் வெடிக்காது" என்பது பலர் கூறும் அறிவுரை. உண்மை இதற்கு நேர்மாறு. காற்றுக் குறைந்த டயர் சுழலுந்தோறும் மிகுதியாக மடங்கி விரிகிறது. அம்மடிப்பே வெப்பத்தை உண்டாக்கி, டயரின் அடுக்குகளைப் பிரித்து வெடிக்கச் செய்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஐதராபாத் கடல் மட்டத்திற்கு மேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், இங்கு வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 14 பவுண்டு. காலையில் 27 பாகை வெப்பத்தில் அளவி 33 காட்டினால், மொத்த அழுத்தம் 47. ஓடியபின் டயர்க் காற்று 57 பாகையை எட்டினால், மொத்தம் பத்தில் ஒரு பங்கு ஏறி 51.7 ஆகும், அளவி சுமார் 38 காட்டும். டயர் இவ்வேற்றத்தை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. அஞ்சிப்போய் அப்பொழுதே 33-க்கு இறக்கினால், மறுநாட் காலையில் 29-தான் இருக்கும். ஆகவே காற்றை அளக்க வேண்டிய நேரம், டயர் குளிர்ந்திருக்கும் காலை.

தேய்மானமும் மழையும்

புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரில் பயன்படுத்தலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. உலர்ந்த தரையில் தேய்ந்த டயரும் நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். பள்ளத்தின் வேலை மழை நாளில் நீரை வெளியேற்றுவது. நீர் வெளியேற வழியில்லையேல், டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவை.

அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1963-இல் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தனர். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். தேங்கிய நீரில் ஓடும் மொட்டை டயருக்கு இது தோராயமாகப் பொருந்தும். 36 பவுண்டானால் 100 கிலோமீட்டர். 25 பவுண்டானால் 83. தேய்மானமும் காற்றுக் குறைவும் கூட்டுச் சேரும்போது ஆபத்து எவ்வளவு கீழிறங்கி வருகிறது பாருங்கள்!

நாம் செய்யத்தக்கவை

மகாராட்டிரத்தின் சம்ருத்தி விரைவுச் சாலையில் 2023-இல் போக்குவரத்துத் துறையினர் நுழைவாயிலிலேயே டயர்களைச் சோதித்து, தேய்ந்தவற்றோடு வந்த வண்டிகளைத் தடுத்தனர். அச்சோதனையை நாமே செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் காற்றளவு இருக்கும். முழுச் சுமைக்குரிய அளவும் தனியே இருக்கும். ஐவர் பெட்டியுடன் செல்லும்போது அதையே வைக்கவேண்டும். பள்ளங்களின் அடியில் குறுக்கே உள்ள சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் பிழை.

இரண்டு டயர்கள் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை முன்னே போடுவதே பல கடைகளில் வழக்கம். பின்னே போடச் சொல்லுங்கள். முன்புறம் நழுவினால் ஓட்டுநருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பின்புறம் நழுவினால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

வாடகைக் காரின் கீறல்களைப் படம் பிடிக்க நாம் மறப்பதில்லை. கீறல் பணத்தைத்தான் கேட்கும்; டயர் உயிரைக் கேட்கும். சாவியை வாங்குமுன் குனிந்து அந்நான்கு அஞ்சலட்டைகளையும் ஒருமுறை பாருங்கள்.