ஒருமுறை கட்டும் வீட்டிற்கு எந்த மென்பொருள்?

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் எனப் பொருளியல் வகுப்பில் படிக்கிறோம். முதல் இரண்டையும் அடிக்கடி வாங்குகிறோம். மூன்றாவதை வாழ்நாளில் ஒருமுறை கட்டினாலே பெரிது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியோர் சொன்னதில், எங்கள் குடும்பம் சென்ற ஆண்டு முதற்பாதியில் இறங்கியது.

எங்கள் ஊர் பாலக்கோட்டிற்கு அருகில் உள்ளது. தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். இருபது ஆண்டுகளாகப் பிறர் வீடுகளுக்குக் கலவை சுமந்தவர். "காலேஜுல படிக்கிறவன்தானே, வீட்டுப் படத்தை நீயே போட்டுப் பாருப்பா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தது. எதைக் கொண்டு வரைவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஏமாந்தேன். சில நாள்களுக்கு இலவசம் என்று விளம்பரம் செய்த ஒரு மென்பொருளில் இரவெல்லாம் விழித்து வரைந்தேன். கெடு முடிந்ததும் பணம் கட்டினால்தான் கோப்பு திறக்கும் என்றது. மாதச் சந்தாவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தளம் போடச் சென்ட்ரிங் பலகையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தருகிறோம். மென்பொருளையும் அப்படி ஒரு மாத வாடகைக்கு எடுத்தால் என்ன? இங்குதான் ஒரு வேறுபாடு உள்ளது. பலகையைத் திருப்பித் தந்த பின்னும் தளம் நமதாக நிற்கிறது. சந்தா முடிந்தால் வரைந்த படத்தையே திறக்க முடியாமற் போகலாம். நம் பக்கத்தில் வீடுகள் ஒரே மூச்சில் முடிவதும் இல்லை. இன்று கீழ்த்தளம், கையில் காசு சேரும்போது மேல்தளம். அன்று அந்தக் கோப்பு திறக்க வேண்டும். விலையைவிட இதையே நான் முதல் அளவுகோலாகக் கொண்டேன்.

கட்டட வரைபடம் என்றதும் பலர் சொல்வது 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட். அது தொழில் செய்வோருக்கான கருவி. மாணவர்க்கு இலவசமாகத் தரும் உரிமமும் கற்பதற்கு மட்டுமே உரியது. ஸ்கெட்ச்அப் கற்க எளியது. 2006-இல் அதைக் கூகுள் வாங்கியது. 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்திற்கு விற்றது. கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய அதன் இலவசப் பதிப்பு 2017-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோயிற்று. இப்போதைய இலவச வடிவம் இணையத்தில்தான் இயங்குகிறது. எங்கள் வீட்டில் இணையம் வேண்டுமென்றால் மாடு கட்டும் இடத்திற்குப் போய் நிற்க வேண்டும்! ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம், ஆற்றலும் மிக்கது. ஆனால் அதைப் பழகும் காலத்தில் அஸ்திவாரமே முடிந்துவிடும். லிப்ரேகேட் தட்டைப் படம் மட்டும் வரையும்.

கடைசியில் நிலைத்தது ஸ்வீட் ஹோம் 3டி. பிரான்சு நாட்டு நிரலாளர் எம்மானுவேல் புய்பாரே உருவாக்கியது. 2006 முதல் கிடைக்கிறது. மூலநிரல் திறந்தது என்பதால், எந்த நிறுவனம் கைமாறினாலும் கையில் உள்ள பதிப்பை யாரும் பறிக்க இயலாது. விண்டோசிலும் லினக்சிலும் ஓடுகிறது. செயலிக் கடைகளில் விலைக்கு வரும் பதிப்பில் அறைகலன்கள் கூடுதலாக உண்டு. நமக்கு அது தேவையில்லை. அதன் பட்டியலில் சோபா இருக்கிறது, அரிசி மூட்டை இல்லை. வெறும் பெட்டி ஒன்றை வைத்து நீள அகலங்களைக் கொடுத்து, அதையே மூட்டை என்று வைத்துக்கொண்டேன்.

படத்தைக் கண்ட மேஸ்திரி சிரித்துவிட்டார். "தம்பி, இந்தச் செவுரு காயிதத்துல நிக்கும், தளத்தைத் தாங்குமா?" மென்பொருள் தானாகத் தரும் சுவரின் கனம் ஏறத்தாழ 3 அங்குலம்; எங்கள் செங்கல் சுவர் 9 அங்குலம். வெளிப்புற அகலம் 22 அடி, அதில் மூன்று சுவர்கள். என் படத்தில் உள்ளே 21 அடி 3 அங்குலம் கிடைத்தது: கூடத்திற்கு 11 அடி 3 அங்குலம், சமையலறைக்கு 10 அடி. உண்மையில் கிடைப்பதோ 19 அடி 9 அங்குலம். கூடத்தைக் குறைக்காவிட்டால் சமையலறை எட்டரை அடிதான். பூச்சு அதிலும் கொஞ்சம் தின்னும். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அத்தகைய வீட்டில் ஒன்றரை அடி போனால் ஒருவர் படுக்கும் இடம் போயிற்று. இன்னொன்று: மென்பொருளில் நாம் இழுக்கும் கோடு சுவரின் நடுவில் ஓடுகிறது, மேஸ்திரிகள் பேசுவது உள்கூடு. ஆகவே அலகை அடி-அங்குலத்திற்கு மாற்றி, சுவரின் கனத்தைத் திருத்திவிட்டுப் பிறகே முதற்கோட்டை இழுக்க வேண்டும்.

நான் வியந்தது அதன் திசைகாட்டியைக் கண்டுதான். தருமபுரியின் அட்சரேகை 12.1, தீர்க்கரேகை 78.2 எனக் கொடுத்து, ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணி என்று நேரம் குறித்தேன். மேற்குச் சன்னல் வழியே வெயில் நேராக அடுப்பு மேடையில் விழுந்தது. அம்மா பார்த்துவிட்டு, "பழைய வீட்டுல வெந்தது போதாதா?" என்றார். சன்னலை வடக்கே மாற்றினோம். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டுப் பிற்பகுதிவரை நம் மாவட்டத்தில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால், அந்தச் சன்னலுக்கும் சன்ஷேடு வைக்கச் சொன்னேன். மேஸ்திரி மறுக்கவில்லை.

கம்பி எத்தனை, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பவற்றை இம்மென்பொருள் சொல்லாது. அதற்குப் பொறியாளரிடம்தான் போனோம். 1:50 அளவில் அச்சிட்டபோது 22 அடி 13.4 சென்டிமீட்டராகச் சுருங்கி ஒரே தாளில் அடங்கியது. சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று மேஸ்திரி அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

சமையலறை 9 அடி 9 அங்குலமாக அமைந்தது. கூடம் 10 அடியாகக் குறைந்தது. மேல்தளத்தின் படம் மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது. மாடிப்படி வெளியிலா உள்ளேயா என்பதைப் பொங்கலுக்கு வரும்போது சொல்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.