விபத்துக்குப் பிறகு மீண்டும் கார் ஓட: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒன்ராறியோவில் வாகன விபத்தில் காயப்பட்ட எங்கள் ஆட்கள் கழுத்து நோவுக்கும் முதுகு நோவுக்கும் பிசியோதெரபிக்குப் போகத் தயங்குவதில்லை. ஆனால் "கார் ஓடுறதுக்கும் ஒரு தெரபி இருக்கு, எழுதிவிடட்டா?" என்று கேட்டால் பின்வாங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் சில பிழையான நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றால் ஆட்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிப்போகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"அங்கே போனால் லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள்"

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மாகாணப் போக்குவரத்து அமைச்சு கேட்கும் ஓட்டும் திறன் மதிப்பீடு ஒன்று. காயப்பட்டவர் மீண்டும் ஓட்டப் பழகும் சிகிச்சை இன்னொன்று.

திடீரென நினைவிழத்தல், சிந்திக்கும் திறனில் பாரதூரமான பாதிப்பு, கை கால் இயக்கத்திலோ பார்வையிலோ பெருங்குறை போன்ற நிலைகளை வைத்தியர்கள் அமைச்சுக்கு அறிவித்தே ஆகவேண்டும். 2018 ஜூலையிலிருந்து இந்தக் கடமை நேர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் உண்டு. வந்து மாறிவிடும் தற்காலிகக் குறைகள் இதற்குள் வராது. அறிவிக்க வைப்பது உங்கள் உடல்நிலைதான். நீங்கள் தெரபிக்குப் போனதோ போகாததோ அதை மாற்றாது. இந்தச் சிகிச்சையைத் தரும் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் அறிவிக்கலாம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சட்டம் அதை அவருடைய தீர்மானத்துக்கு விட்டிருக்கிறது. அறிவித்த பிறகும் முடிவெடுப்பது அமைச்சுதான். லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டாலும் அதைத் திரும்பப் பெறும் பாதை பெரும்பாலும் இதே மதிப்பீட்டின் ஊடாகத்தான் போகிறது.

"இது இன்னொரு றோட் ரெஸ்ட்"

இல்லை. மதிப்பீட்டின் முதற்பகுதி ஒரு அறைக்குள் நடக்கும். கண்பார்வை, கழுத்து எவ்வளவு திரும்புகிறது, வலதுகால் பிறேக்கை எவ்வளவு விரைவாக மிதிக்கிறது, கவனம், நினைவு எல்லாவற்றையும் தெரபிஸ்ட் பார்ப்பார். அதன்பிறகே வீதி. கார், பயிற்றுநரின் பக்கத்திலும் பிறேக் உள்ள கார். பயிற்றுநர் முன்னால் இருப்பார், தெரபிஸ்ட் பின்னால் இருந்து கவனிப்பார்.

றோட் ரெஸ்டில் பிழை விட்டால் தோல்வி. இங்கே ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேடுவார்கள். வலதுகால் பலமிழந்திருந்தால் இடதுகாலால் மிதிக்கும் அக்சிலரேட்டர் பூட்டலாம். இரண்டு கால்களும் இயங்காவிட்டால் கையாலேயே வேகத்தையும் பிறேக்கையும் கட்டுப்படுத்தும் கருவி உண்டு. தேவை உறுதிப்பட்டால், வாகனத்தில் செய்யும் இத்தகைய மாற்றங்களும் விபத்துக் காப்புறுதியின் மறுவாழ்வு நன்மைகளுக்குள் வருகின்றன.

"எலும்பு முறியவில்லை, வெறும் பயம்தானே"

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பேச்சுத்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் 401 நெடுஞ்சாலையில் ஏற முடியவில்லை. இடப்பக்கம் திரும்பும் சந்தியில் கை நடுங்குகிறது. வேறொருவர் ஓட்டும்போது பக்கத்து ஆசனத்தில் இருந்தபடி இல்லாத பிறேக்கை மிதிக்கிறார்கள். வீட்டில் இதைக் கேலி செய்வார்கள், அல்லது "ஏன் வீணா ஓடுறாய், நான் கொண்டுபோய் விடுறன்" என்று அன்பாகவே சாவியை வாங்கிவிடுவார்கள். இரண்டும் பயத்தை வளர்க்கத்தான் செய்கின்றன. தவிர்க்கத் தவிர்க்க அது இறுகும்.

இதற்குச் சிகிச்சை உண்டு, அது படிப்படியானது. நிறுத்திய காரில் எஞ்சினைப் போடாமல் இருந்து மூச்சைச் சீராக்குவது, பிறகு குடியிருப்பு வீதி, பிறகு வாகனம் குறைந்த நேரத்தில் ஒரு சந்தி. விபத்து நடந்த இடமும் நெடுஞ்சாலையும் கடைசியில்தான். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணியும்வரை அங்கேயே நிற்பார்கள். பயம் கனவிலும் துரத்தினால் உளவியலாளரும் சேர்ந்து பார்க்கவேண்டும். விபத்தின்போது ஓட்டாமல் வெறுமனே பயணம் செய்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை உரியதே.

"இருபது வருஷம் ஓடினனான், எனக்குத் தெரியாதா?"

மூளைக் காயத்துக்குப் பிறகு சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வை போய்விடும், அல்லது ஒரு பக்கத்தையே மூளை கவனிக்காது. பாதிக்கப்பட்டவருக்குப் பல நேரங்களில் அது தெரியவே தெரியாது. அவருக்கு உலகம் முழுமையாகவே தோன்றும். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் பார்க்கிங் திடலில் ஓடிப் பார்ப்பது இதைக் காட்டிக்கொடுக்காது.

"குடும்ப வைத்தியர் எழுதித் தந்தால்தான், அதுவும் பணம் உள்ளவர்களுக்குத்தான்"

அமைச்சு கேட்கும் மதிப்பீட்டின் செலவு உங்களுடையது, மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அதைக் கட்டாது. விபத்துக் காயத்துக்கான தெரபியின் கதை வேறு. யார் பிழை என்று பாராமல் உங்கள் காப்புறுதியே விபத்து நன்மைகளைத் தரும். விபத்து நடந்து 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். விண்ணப்பப் படிவம் கைக்கு வந்ததும் 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுங்கள். ஓசிஎஃப் 18 என்னும் சிகிச்சைத் திட்டப் படிவத்தில் ஒக்குபேஷனல் தெரபிஸ்டே கையொப்பமிடலாம், குடும்ப வைத்தியரின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓட்டப் பயமாக இருப்பதை வைத்தியரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவையுங்கள். எங்கள் ஆட்கள் நோவைச் சொல்வார்கள், பயத்தைச் சொல்லமாட்டார்கள். வைத்தியர் குறிப்பில் இல்லாத பயத்துக்குப் பிறகு ஆதாரம் காட்டுவது கஷ்டம்.

சுளுக்கு, தசைப்பிடிப்பு, கழுத்து உலுக்கல் போன்றவை "சிறு காயம்" என்று வகுக்கப்பட்டால் செலவு வரம்பு 3,500 டொலர். அந்த வரையறை அடுக்கும் காயங்களில் உளப்பாதிப்பு இல்லை. அதனால் தகுதியான ஒருவர் அதை உறுதிசெய்து எழுதும்போது வரம்பைத் தாண்டும் வழி திறக்கிறது. சிகிச்சைத் திட்டம் கிடைத்ததும் நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் மாகாணத்தின் அனுமதிப்பத்திர மேன்முறையீட்டு நியாயசபையில் முறையிடலாம். ஆகவே அந்தக் கடிதத்தை, வந்த திகதி தெரியும் உறையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.